தண்டவாளம் போனாலும் தடம் போகாது

1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் ரயில் ஏறிய பதினாறு வயதுச் சிறுவன் வேங்கடராமன் திருவண்ணாமலைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்து, பழைய நிலப்பட நூல் ஒன்றைப் புரட்டிப் பார்த்துத்தான் புறப்பட்டான். அந்தப் படத்தில் திருவண்ணாமலைக்கு அருகிலிருந்த ரயில் நிலையம் திண்டிவனம். ஆகவே இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா கொடுத்துத் திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கினான். வண்டியில் உடன் வந்த மௌல்வி ஒருவர்தான், விழுப்புரத்தில் இறங்கி வேறு வண்டி பிடித்தால் திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது என்று சொன்னார். அச்சுப் படம் பழையது, தண்டவாளம் புதியது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர் வழியே காட்பாடிக்கும் அதற்கு அப்பாலும் செல்லும் மீட்டர் கேஜ் பாதை 1890களின் தொடக்கத்தில்தான் போடப்பட்டிருந்தது. கையில் மிஞ்சிய காசுக்கு மாம்பழப்பட்டு வரை மட்டுமே போக முடிந்தது. அங்கிருந்து நடந்து, பின்பு திருக்கோவிலூரில் மீண்டும் ரயில் ஏறி, செப்டம்பர் முதல் நாள் அவன் அருணாசலத்தின் அடிவாரத்தை அடைந்தான். அந்தச் சிறுவனே பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர். அவர் வந்த பாதையின் மீட்டர் கேஜ் தண்டவாளம் இன்று இல்லை. அதை இழுத்த நீராவி இன்ஜின் இல்லை, மரக்கட்டை ஸ்லீப்பர்கள் இல்லை. ஆனால் பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்கு விழுப்புரம் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள் அவர் வந்த அதே தடத்தில்தான் வருகிறார்கள்.

இது தற்செயலாக அமைந்தது போலத் தோன்றலாம். உலகெங்கும் பழைய ரயில் பாதைகளைத் தேடிப் போனால் இதே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போட்ட பாதையில் இன்று நகர டிராம் ஓடுகிறது. கோலாரில் தங்கச் சுரங்கத்துக்குப் போட்ட பாதையில் இன்று அலுவலகம் போகிறவர்களின் ரயில் ஓடுகிறது. எதற்காகப் போட்டார்களோ அது ஒழிந்துவிட்டது. போட்ட இடம் மட்டும் உயிரோடு இருக்கிறது. இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ரயில் பாதையில் நாம் கண்ணால் காணும் இரும்பு அதன் மிகக் குறுகிய ஆயுள் கொண்ட பகுதி. நீண்ட ஆயுள் கொண்டவை இரண்டு: சரிவும் வளைவும் அளந்து சமன் செய்த மண், அந்த மண் துண்டுபடாமல் ஒரே கையில் இருக்கும் உடைமை. இவை இரண்டும் இருக்கும்வரை தடம் எத்தனை முறை வேண்டுமானாலும் உயிர்த்தெழும். இவற்றில் ஒன்று போனாலும் மறைந்துவிடும்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது எதிர்ப்பு மிகக் குறைவு. சமதளத்தில் ஒரு டன் எடையுள்ள ரயில் பெட்டியை மெதுவாக நகர்த்திக்கொண்டே போக ஏறத்தாழ இரண்டு கிலோ எடைக்கு ஈடான இழுவிசை போதும். அதே எடையை ரப்பர் டயரில், நல்ல தார்ச்சாலையில் இழுக்கப் பத்து முதல் பதினைந்து கிலோ வேண்டும். ரயிலின் சிக்கனம் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது. இப்போது பாதை நூறு அடிக்கு ஓர் அடி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது ஏற்றமாகவே தெரியாது. ஆனால் புவியீர்ப்பு டன்னுக்குப் பத்து கிலோ கூடுதலாகப் பின்னுக்கு இழுக்கும். லாரிக்கு அதனால் சுமை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ரயிலுக்கோ இரண்டு கிலோ பன்னிரண்டாகி, சுமை ஆறு மடங்காகிறது. வழுக்கலான இரும்பின் மேல் ஓடுவதால் ரயிலுக்குக் கிடைத்த நன்மை சிறு மேட்டிலேயே கரைந்துவிடுகிறது. அதனால்தான் ரயில் பாதை போடுகிறவர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, மலையைச் சுற்றி, ஆற்றைக் குறுக்கே கடக்கத் தகுந்த இடம் தேடி, ஒவ்வொரு மைலையும் அளந்து அளந்து போக வேண்டியிருக்கிறது.

வளைவுக்கும் இதே கதைதான். வளைவில் செல்லும் வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் விளைவு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால், மற்றவை மாறாதிருக்க, வளைவின் ஆரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். வெளித் தண்டவாளத்தைச் சற்று உயர்த்திப் போட்டு ஓரளவு சமாளிக்கலாம். அதற்கும் எல்லை உண்டு. ஆகவே ரயில் பாதையின் வளைவுகள் மாட்டுவண்டித் தடத்தைப்போல மரத்தையும் குட்டையையும் சுற்றி நெளிவதில்லை. அவை நீண்டு, மெல்ல வளைந்து, ஒரே சீராகத் திரும்புகின்றன. எங்கேனும் வயல் வரப்புகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் ஒரு நீண்ட மெல்லிய வளைவை வானிலிருந்து எடுத்த படத்தில் கண்டால், சுற்றியுள்ள நிலத்தின் ஏற்ற இறக்கத்தோடு சேராமல் தனியே சமமாகப் போகும் ஒரு கரையைத் தரையில் கண்டால், அங்கே இன்று சாலையோ முட்புதரோ இருந்தாலும் முன்பு ரயில் ஓடியிருக்க வாய்ப்பு உண்டு. தொல்லியலாளர் மண்ணின் நிறத்தை வைத்துப் பழைய சுவரின் இடத்தைக் கண்டுபிடிப்பது போல, சரிவையும் ஆரத்தையும் வைத்துப் பழைய ரயிலைக் கண்டுபிடிக்கலாம்.

திருவண்ணாமலைப் பாதையை இந்தக் கண்ணோடு பார்த்தால் அது ஏன் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்பது விளங்கும். மேற்கே ஜவ்வாது மலை, கிழக்கே செஞ்சிக் குன்றுகள், நடுவே வடக்கு தெற்காகத் திறந்து கிடக்கும் சமவெளி. அந்த இடைவெளியில் 814 மீட்டர் உயரமுள்ள அண்ணாமலை தனித்து நிற்கிறது. விழுப்புரத்தில் புறப்பட்ட பாதை திருக்கோவிலூரைத் தொட்டு, திருவண்ணாமலை நகரின் கிழக்குப் பக்கமாக ஒதுங்கி, போளூர், கண்ணமங்கலம் வழியே வேலூருக்குப் போய், பாலாற்றைத் தாண்டிக் காட்பாடியை அடைகிறது. நீளம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். பல்லாண்டுகள் மீட்டர் கேஜாக இருந்த இந்தத் தடம் அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2010இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஆயிரம் மில்லிமீட்டர் இடைவெளி 1,676 ஆனது. ஓர் அச்சு தாங்கும் பளு ஒன்றரை மடங்குக்கும் மேலானது. அதற்காகக் கரையை அகலப்படுத்தி, பாலங்களை வலுப்படுத்தி அல்லது புதிதாகக் கட்டி, தண்டவாளம் முதல் ஜல்லி வரை எல்லாவற்றையும் மாற்றினார்கள். ஆனாலும் ஊர்களின் வரிசை மாறவில்லை, ஆறுகளைக் கடக்கும் இடம் மாறவில்லை, மலையை ஒதுங்கிப் போகும் போக்கு மாறவில்லை. நூற்றாண்டுக்கு முன்பு எடுத்த முடிவு மண்ணில் எழுதப்பட்டிருந்தது. புதிய இரும்பு அதன் மேல் வந்து படுத்துக்கொண்டது.

சுரங்கப் பாதைகளில் இந்த உண்மை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஏனென்றால் அங்கே பாதை எதற்காகப் போடப்பட்டதோ அந்தப் பொருளே தீர்ந்துபோகிறது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகருக்கு மேற்கே 1603, 1604ஆம் ஆண்டுகளில் ஹண்டிங்டன் போமண்ட் என்பவர் ஸ்ட்ரெல்லி சுரங்கத்திலிருந்து வொல்லட்டன் வரை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டருக்கு மரத் தண்டவாளம் போட்டுக் குதிரைகளைப் பூட்டி நிலக்கரி இழுத்தார். தரைமேல் போடப்பட்ட தண்டவாளப் பாதைகளில் ஆவணச் சான்று கிடைத்துள்ள மிகப் பழையவற்றுள் அது ஒன்று. அதே வட்டாரம் பின்னர் நிலக்கரிச் சுரங்கங்களாலும் அவற்றுக்கான ரயில் கிளைகளாலும் நிறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சிண்டர்ஹில் பகுதியிலிருந்த பாபிங்டன் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது. 2004இல் நாட்டிங்காமில் புதிய டிராம் தொடங்கியபோது, அதன் ஒரு கிளை அந்தச் சுரங்கத்துக்குப் போன பழைய சரக்குப் பாதையின் தடத்தில் போடப்பட்டது. சுரங்கம் இருந்த இடத்தில் இப்போது பீனிக்ஸ் பார்க் என்ற அலுவலக வளாகமும் டிராமின் கடைசி நிறுத்தமும் இருக்கின்றன. பழைய கிளை குறுகலானது என்பதால் டிராம் அங்கே சிறிது தூரம் ஒற்றைத் தடத்தில்தான் போகிறது. நிலக்கரி வண்டிக்குப் போதும் என்று யாரோ எடுத்த அளவு இன்று பயணிகள் டிராமின் கால அட்டவணையைக் கட்டுப்படுத்துகிறது.

நமக்கு நெருக்கமான சான்று கோலார் தங்கவயல். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில்தான் திருவண்ணாமலையும் இருந்தது. அந்த மாவட்டத்திலிருந்தும் சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்தும் பஞ்சமும் நிலமின்மையும் துரத்த ஏராளமான குடும்பங்கள் அந்தச் சுரங்கங்களுக்குப் போயின. பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களில் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அந்தச் சுரங்கங்களுக்கு நிலக்கரியும் இயந்திரமும் ஆட்களும் கொண்டுபோக 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம் வரை சுமார் 16 கிலோமீட்டர் நீளக் கிளைப்பாதை திறக்கப்பட்டது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கத்துக்காகப் போட்ட பாதை தங்கம் நின்றதும் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியற்காலையில் அதே பாதையில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். அந்த ஊர் காலியாகாமல் நிற்பதற்கு அந்த ரயில் ஒரு முக்கியக் காரணம். கோரமண்டல், ஊரிகம், சாம்பியன் என்று அந்தச் சிறு கிளையின் நிலையப் பெயர்ப் பலகைகளில் பழைய சுரங்கங்களின் பெயர்கள் இன்னும் இருக்கின்றன.

மண் மட்டுமன்று, அளவும் எச்சமாகத் தங்குகிறது. இங்கிலாந்தின் வடகிழக்கு நிலக்கரி வட்டாரத்தில் குதிரை இழுத்த வண்டிப்பாதைகளின் தண்டவாள இடைவெளி இடத்துக்கு இடம் வேறுபட்டது. கில்லிங்வொர்த் சுரங்கத்தின் பாதை நான்கு அடி எட்டு அங்குலம் கொண்டது. அங்கே வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன்சன் 1814இல் தம் முதல் நீராவி இன்ஜினை அந்த அளவுக்கே செய்தார். நிலக்கரிக்காகத் திறக்கப்பட்ட 1825ஆம் ஆண்டின் ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதைக்கும் அதையே எடுத்துச் சென்றார். வளைவில் சக்கரம் இறுகாமலிருக்க அரை அங்குலம் பின்னர் சேர்க்கப்பட்டது. அதுவே 1,435 மில்லிமீட்டர். 1846இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதைப் பொது அளவாக்கியது. ரோமானியரின் தேர்ச் சக்கரங்களிலிருந்து இது வந்தது என்று ஒரு கதை பரவலாக உலவுகிறது. அதற்குத் தொடர்ச்சியான சான்று கிடையாது. ஒரு குதிரை இழுக்கக்கூடிய வண்டியின் இயல்பான அகலம் எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும் என்பதே போதுமான விளக்கம். இந்தியாவின் பெரிய ரயில்கள் 1,676ஐத் தேர்ந்துகொண்டதால் நமக்கு அந்த நிலக்கரி அளவோடு தொடர்பில்லை என்று நினைக்கலாம். 2015இல் தொடங்கிய சென்னை மெட்ரோ ஓடுவது 1,435 மில்லிமீட்டர் தண்டவாளத்தில்தான். உலகில் மெட்ரோ வண்டிகளும் உதிரிபாகங்களும் பெரும்பாலும் அந்த அளவுக்கே செய்யப்படுவதால் அதைத் தேர்ந்தார்கள். கில்லிங்வொர்த்தில் குதிரை இழுத்த வண்டியின் அளவு இன்று ஆலந்தூரிலும் கோயம்பேட்டிலும் இருக்கிறது.

இந்த வாதத்துக்கு எதிராக எழக்கூடிய முதல் கேள்வி நியாயமானது. பிழைத்தவற்றை மட்டும் எடுத்து வரிசைப்படுத்தினால் எதையும் நிரூபிக்கலாமே, அழிந்துபோனவை எத்தனை? அழிந்தவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். இந்தியாவின் முதல் ரயில் பாதை சென்னையை ஒட்டியே இருந்தது. செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை வேலைக்கான கல்லைக் கொண்டுவர 1837இல் அது இயங்கியது. அதுவும் ஒரு கனிமப் பாதையே. சில ஆண்டுகளில் நின்றுபோன அந்தத் தடத்தில் இன்று எந்த ரயிலும் ஓடவில்லை; அது ஆவணங்களில்தான் வாழ்கிறது. இந்தியாவில் மின்சார டிராம் முதலில் ஓடியதும் சென்னையில்தான், 1895இல். 1953இல் அது நிறுத்தப்பட்டது. அது ஓடிய தடம் புதிய பாதை எதற்கும் இடம் தரவில்லை. டிராமின் தண்டவாளம் தெருவிலேயே பதிந்திருந்தது; அதற்கென்று தனி நிலம் கிடையாது. இரும்பை எடுத்ததும் அல்லது தாரால் மூடியதும் மிஞ்சியது மறுபடி தெருதான். அறுபது ஆண்டுகள் கழித்து அதே நகருக்கு மெட்ரோ வந்தபோது நெரிசலான மையப்பகுதிகளில் பூமிக்கடியில் சுரங்கம் குடைய வேண்டியதாயிற்று. பிழைத்த பாதைக்கும் அழிந்த பாதைக்கும் இடையிலுள்ள வேறுபாடு இரும்பின் தரத்திலோ பயணிகளின் எண்ணிக்கையிலோ இல்லை. பாதைக்கென்று தனித்த, தொடர்ச்சியான நிலம் இருந்ததா, இரும்பு போன பிறகும் அது உடையாமல் இருந்ததா என்பதில்தான் இருக்கிறது. ஆக, எதிர்ச்சான்றுகள் இந்த வாதத்தைக் கவிழ்க்கவில்லை. அதன் எல்லையைக் காட்டுகின்றன.

இதை இன்னும் நேராகச் சோதிக்க ஒரு பாதை இருக்கிறது. மதுரையிலிருந்து தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்குச் செல்லும் 90 கிலோமீட்டர் பாதை 1928இல் திறக்கப்பட்டது. மலையின் ஏலக்காயும் மற்ற விளைபொருள்களும் இறங்கி வரும் வாசல் போடி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரும்பு தேவைப்பட்டதால் அந்தத் தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்டது. 1950களில் அதே கரையில் மீண்டும் போடப்பட்டது. 2010 இறுதியில் அகலப் பாதை வேலைக்காக ரயில் நிறுத்தப்பட்டு, இரண்டாவது முறையாக இரும்பு அகற்றப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கடந்து, 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் ரயில் திரும்பி வந்தது. இரண்டு முறை இரும்பு போயிருக்கிறது. இரண்டு முறையும் அதே தடத்தில் திரும்பியிருக்கிறது. நிலம் ரயில்வேயின் பெயரிலேயே இருந்ததுதான் அதைச் சாத்தியமாக்கியது. நடுவில் அது துண்டு துண்டாக விற்கப்பட்டிருந்தால் இன்று தேனி மக்கள் வழக்குகளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது எதிர்வாதம்: மக்கள் வசிக்கும் ஊர்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, ஆகவே போக்குவரத்தும் அங்கேயே இருக்கிறது, இதில் மண்ணுக்கும் உடைமைக்கும் என்ன பங்கு என்பது. திருவண்ணாமலைக்கு இது ஓரளவு பொருந்தும். கோயில் அங்கே இருக்கும்வரை பக்தர்கள் வருவார்கள். ஆனால் பக்தர் எந்தத் திசையிலிருந்து வருகிறார் என்பதைக் கோயில் தீர்மானிப்பதில்லை. சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்குச் சாலை வழியே வருகிறவர்களில் மிகப் பலர் திண்டிவனத்தில் திரும்பிச் செஞ்சி வழியாக வருகிறார்கள். ரயிலில் வர வேண்டுமென்றால் தெற்கே விழுப்புரம் வரை போயோ மேற்கே காட்பாடி வரை போயோதான் திரும்பி வர வேண்டும். தேவை கிழக்குப் பக்கம் இருக்கிறது, தடமோ தெற்கிலும் வடக்கிலும் இருக்கிறது. தேவை மட்டுமே பாதையை உண்டாக்குமென்றால் இந்த முரண் இருக்காது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு சுமார் 70 கிலோமீட்டர் புதிய பாதை போடும் திட்டம் 2006–07 ரயில்வே பட்ஜெட்டில் இடம்பெற்றது. ஆண்டுகள் பல கடந்தும் அதில் ரயில் ஓடவில்லை. அங்கே முன்பு போட்ட கரை கிடையாது, கையில் இருக்கும் நிலப்பட்டை கிடையாது. ஒவ்வொரு சர்வே எண்ணாக எடுத்தாக வேண்டும். அதற்கு நிதியும் வேண்டும், காலமும் வேண்டும். போடியில் பன்னிரண்டு ஆண்டுகள் உறங்கிய பாதை எழுந்துவிட்டது. செஞ்சியில் பிறக்காத பாதை இன்னும் பிறக்கவில்லை. கோலாரிலோ தேவையின் தன்மையே தலைகீழாகியிருக்கிறது. அன்று வெளியூர் ஆட்கள் சுரங்கத்தை நோக்கி வந்தார்கள், இன்று சுரங்க ஊரின் ஆட்கள் வெளியூர் நோக்கிப் போகிறார்கள். தேவை மாறிய பிறகும் தடம் மாறவில்லை என்றால், தேவையைத் தாண்டிய ஏதோ ஒன்று அதைத் தாங்கிப் பிடிக்கிறது என்றுதான் பொருள்.

மூன்றாவது எதிர்வாதம் இன்னும் கனமானது. பழைய தடங்கள் நமக்குச் சொத்தா, தளையா? நிலத்தைத் தோண்டப் பேரியந்திரங்களும் மலையைக் குடைய எந்திரங்களும் இருக்கும் காலத்தில், மண்வெட்டியும் கூடையும் கொண்டு போட்ட வளைவுகளை நாம் ஏன் சுமக்க வேண்டும்? இதில் உண்மை உண்டு. முன்பு சொன்ன கணக்குப்படி, மணிக்கு 60 கிலோமீட்டருக்கு ஏற்ற வளைவில் 120 கிலோமீட்டர் வேகம் போக முடியாது. அதிவேக ரயில் வேண்டுமென்றால் பழைய தடம் உதவாது. புதிய நேர்த்தடம்தான் வேண்டும். அயல் ஆட்சியின் தேவைக்கு வரைந்த கோடுகள் விடுதலைக்குப் பிறகும் நம் வரைபடத்தை ஆள்கின்றன என்ற குறையும் சரியே. திருவண்ணாமலைக்குக் கிழக்கே பாதை இல்லாதது அந்தக் குறையின் ஒரு வடிவம்தான். பழைய தடத்தை மறுபடி பயன்படுத்துவது எப்போதும் நல்லதென்றும் சொல்ல முடியாது. சென்னையின் பறக்கும் ரயில் நீண்ட தூரம் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் அதன் மேலும் போகிறது. படகுக்காக வெட்டிய பொதுநிலம் ஒரே கையில் இருந்ததால் ரயிலுக்கு எளிதாகக் கிடைத்தது. ஆனால் கால்வாய்க்குள் இறங்கிய தூண்கள் மழைநீர் ஓடும் இடத்தைக் குறுக்கிவிட்டன. தடம் காலியாகக் கிடக்கிறது என்று நாம் நினைத்த இடத்தில் தண்ணீருக்கு ஒரு வேலை இருந்தது. ஆகவே பழைய தடத்தைப் புதிய பணிக்கு எடுக்கும்முன் அது இப்போது வேறு என்ன பணி செய்கிறது என்று கேட்டாக வேண்டும்.

ஆனாலும் இந்த எதிர்வாதம் பழைய தடத்தை உடைத்துவிடலாம் என்ற முடிவுக்கு நம்மைக் கொண்டுபோகாது. அதிவேக ரயிலுக்கு உதவாத வளைவு உள்ளூர் ரயிலுக்கு உதவும். அதற்கும் உதவாவிட்டால் சைக்கிள் பாதைக்கும் நடைபாதைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் உதவும். நாட்டிங்காமில் சுரங்கம் மூடப்பட்ட ஆண்டுக்கும் டிராம் வந்த ஆண்டுக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள். மூடிய நாளன்று அந்தத் தடத்தில் டிராம் வரும் என்று உறுதி சொல்லியிருக்கக்கூடியவர் யாருமில்லை. எதற்குப் பயன்படும் என்று முன்கூட்டித் தெரியாமலிருப்பதே அதைக் காப்பதற்கான காரணம். விதைநெல்லை வைத்திருக்கும் உழவர் எந்த மழைக்கு என்று நாள் குறித்து வைத்திருப்பதில்லை. தடத்தைத் துண்டாக்குவது மீளாத செயல். முப்பது கிலோமீட்டர் நிலப்பட்டையில் நடுவே நூறு மீட்டர் மட்டும் வீட்டுமனையானாலும் முழுப் பாதையும் செத்துவிடும். சங்கிலியின் கண்ணி ஒன்று அறுந்தால் போதும். ஆனால் காத்து வைப்பதற்கு ஆகும் செலவு சிறியது: எல்லைக்கல், வேலி, ஆண்டுக்கொரு முறை அளவை, ஆக்கிரமிப்பு தோன்றும்போதே தடுக்கும் கண்.

இங்கே அறிவியலும் வருவாய்த்துறையின் பதிவேடும் ஒன்றுசேர வேண்டும். மீட்டர் கேஜ் காலத்தில் போட்டுக் கைவிட்ட சிறு துண்டுகள், பாலம் மாறியபோது விலகி நின்றுபோன பழைய அணுகுகரைகள், ஆலைகளுக்கும் குவாரிகளுக்கும் போய் நின்ற கிளைகள் தமிழ்நாட்டில் பல இடங்களில் கிடக்கின்றன. இவற்றை வானப்படங்களிலும் பழைய நில அளவைப் படங்களிலும் அடையாளம் கண்டு, சரிவும் வளைவும் அளந்து, ஒரே தொடர்ச்சியான பொதுநிலமாகக் கிராமப் புலவரைபடத்தில் குறித்து வைப்பது கல்லூரி மாணவர்களும் செய்யக்கூடிய பணி. பொறியியல் மாணவருக்கு அது நில அளவைப் பயிற்சி, வரலாற்று மாணவருக்குக் களஆய்வு, ஊராட்சிக்கு ஒரு சொத்துப் பட்டியல். குடியிருக்க வேறு இடமின்றி அந்தக் கரைகளில் ஏற்கெனவே குடிசை போட்டிருப்பவர்களை மறந்துவிட்டு இதைச் செய்யக் கூடாது. அவர்களுக்கு மாற்று இடம் தருவதும் தடத்தைக் காப்பதன் ஒரு பகுதிதான். ஏழைகளை விரட்டிக் காத்த நிலம் பின்னர் பணக்காரரின் மனையாக மாறினால் நாம் எதையும் காக்கவில்லை.

ஒரு பாதையை மூடும் முடிவு சில சமயம் தவிர்க்க முடியாதது. வருமானம் இல்லை, பாலம் பழுது, அகலப்படுத்த வேண்டும் என்று காரணங்கள் இருக்கும். அந்த முடிவில் கையெழுத்திடுகிறவர்களிடமும், அதைக் கேள்வி கேட்க வேண்டிய ஊர் மக்களிடமும் வேண்டுவது ஒன்றுதான். இரும்பை எடுங்கள், ஜல்லியை எடுங்கள், நிலையக் கட்டடத்தை வேறு பணிக்குக் கொடுங்கள்; கரையை வெட்டாதீர்கள், நிலத்தைத் துண்டு போடாதீர்கள். 1896இல் ஒரு சிறுவன் பழைய படத்தைப் பார்த்துத் திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கினான். அந்தப் படத்தில் இல்லாத விழுப்புரம் பாதை இன்றும் ஓடுகிறது. அவன் சீட்டு வாங்கிய திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்கு இன்றுவரை ரயில் பாதை இல்லை.